செல்வ வேற்றுமையும் மாந்தர் மதிப்பும்

(ஏற்காட்டில் கூடிய நம் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய என்னை இவ்வவையிற் பேசப் பணித்த சங்கத்தார், மலைவளம்பற்றிய பழம்பாடல்களின் நயத்தை எடுத்துரைப்பேன் என்றே எண்ணியிருப்பர். யானும் அவ்வாறே குறிப்பெழுதிக்கொண்டு மலையேறி வந்தேன். ஆயினும், நேற்று மாலை ஏரிக்கரையில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று அக்குறிப்பை மடித்து வைக்குமாறு செய்துவிட்டது. அதனையே முதற்கண் கூறுவேன்.

நம்மவர் சிலரோடு யான் ஏரிக்கரைச் சாலையில் உலாவிக்கொண்டிருந்தேன். சாலையோரத்தில் மலைவாழ் மூதாட்டியார் ஒருவர் சாக்கொன்றை விரித்து மிளகு விற்றுக்கொண்டிருந்தார். நம்முள் ஒருவர் அவரை அணுகினார். அவர் என் இனிய நண்பர், இவ்வவையிலும் இருக்கின்றார், இதனைக் கூற இசைவும் அளித்துள்ளார். அணுகியவர், “ஏ கிழவி! இதிற் பாதி பப்பாளி விதைதானே?” என்று தொடங்கினார். அம்மூதாட்டியார் ஒன்றும் மறுமொழி கூறவில்லை. கேட்ட விலையிற் பாதிக்கு ஒரு படி மிளகு எங்கள் பைக்கு வந்தது. பின்னர் விளக்குகள் ஒளிரும் கடையொன்றிற் புகுந்தோம். அங்கே அழகிய பெட்டியில் அடைத்த மிளகு இருந்தது. விலை அதன்மேல் அச்சிடப்பட்டிருந்தது. அதே நண்பர் ஒரு சொல்லும் கேளாது, கேட்ட பணத்தை எண்ணி வைத்து, “நன்றி, ஐயா” என்று கூறி வெளிவந்தார்.

விடுதிக்குத் திரும்பியதும் மூதாட்டியாரின் மிளகை ஆராயலானோம். குவளை நீரில் இட்டால் நல்ல மிளகு ஆழும். பப்பாளி விதை மிதக்கும். இட்டோம். மிளகனைத்தும் அடியிற் சென்று தங்கிற்று. நண்பர் நாணினார், யாவரும் நகைத்தோம், உண்டோம், உறங்கினோம். நள்ளிரவில் எனக்கு விழிப்பு வந்தது. ஓர் எண்ணம் நெஞ்சிற் குத்திற்று. பெட்டியிலிருந்த மிளகை நீரிலிட்டுப் பார்க்க வேண்டுமென்று எங்களுள் ஒருவர்க்கேனும் தோன்றவில்லையே! யானும் அங்கிருந்தேன், எனக்கும் தோன்றவில்லை.

அன்பர்களே! யான் இன்று சொல்லப்புகும் பொருள் முழுவதும் அக்குவளை நீரில் அடங்கியிருக்கின்றது. வறியவர் நேர்மையை நாம் சோதிக்கின்றோம்; செல்வர் நேர்மையை நம்பிக்கொள்கின்றோம். இவ்வேறுபாடு நமக்கு எங்கிருந்து வந்தது? மூதாட்டியாரை நாம் முன்பின் அறியோம், கடைக்காரரையும் அறியோம். இருவரிடத்தும் நாம் கண்ட வேற்றுமை ஒன்றே. ஒருவர்பாற் பொருள் இருந்தது; மற்றொருவர்பால் இல்லை.

வள்ளுவப் பெருந்தகையார் பொருள் செயல்வகை என ஓரதிகாரமும், நல்குரவு என ஓரதிகாரமும் வகுத்தார். இல்லாதவரை எல்லாரும் இகழ்வர், உடையவரை எல்லாரும் உயர்த்துவர் என்பதை முன்னதிற் கூறினார். நல்ல பொருளைத் தெளிந்து சொன்னாலும் வறியவர் சொல் எடுபடாது போம் என்பதைப் பின்னதிற் கூறினார். இவற்றை அறமாக அவர் கூறினாரல்லர். உலகம் இருக்கும் நிலைமையைக் கூறினார். நாமோ அந்நிலைமையையே அறமாகக் கொண்டுவிட்டோம்.

சொற்களின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். ‘ஏழை’ என்னும் சொல்லை நோக்குங்கள். பழைய நூல்களில் இச்சொல்லுக்கு அறிவிலான், பேதை என்பதே பொருள். திருக்குறளிலும் அப்பொருளில் அது வழங்குகின்றது. இன்றோ பொருளில்லாதவனுக்கு அதுவே பெயர். பேதையைக் குறித்த சொல் வறியவனைக் குறிக்கலாயிற்று. அம்மாற்றம் நிகழ்ந்தபோது யாரும் தடை கூறவில்லை. ஏனெனில் பொருளில்லாதவன் அறிவில்லாதவன் என்னும் எண்ணம் முன்னரே மக்கள் நெஞ்சில் இடம்பெற்றிருந்தது போலும். இனி மணம் பேசும் வீடுகளிற் செவிசாயுங்கள். ‘பெரிய இடம்’ என்பர். அவ்விடம் அறிவாற் பெரிதோ, அருளாற் பெரிதோ என்று கேட்பாரில்லை. ‘நல்ல இடம்’ என்பர். நன்மையை அளந்த கோல் யாது? நிலமும் நகையுமே! ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்று பழமொழி கூறி, ஏறாமைக்கு நாமே காரணமாகின்றோம்.

ஈண்டு ஒருவர் எழுந்து, “ஐயா! மக்கள் மதிப்புப் பொருளால் வருவதன்று, பிறப்பாலும் வளர்ப்பாலும் வருவது” என்று கூறலாம். நம் சங்கம் பிறப்பொன்றாற் கூடிய சங்கமாதலின் அக்கூற்றை நன்கு ஆராய வேண்டுவது நம் கடமையாகும். அதற்குத் தொலைவிற் செல்ல வேண்டா. நம்மையே எடுத்துக்கொள்வோம். இங்குள்ள நாம் அனைவரும் ஒரே குலத்தினர். ஒரே குலதெய்வத்தை வணங்குவோர். ஒருவர்க்கொருவர் மாமன், மைத்துனன், பங்காளி என்னும் முறையினர். ஆதலின், பிறப்பே மதிப்பை அளிக்குமாயின் நம்முள் அனைவர்க்கும் ஒரே மதிப்பு இருத்தல் வேண்டும். இருக்கின்றதா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

செல்வரொருவர் கூட்டத்துக்கு நேரங்கழித்து வந்தால், “பாவம், எத்தனை அலுவலோ!” என்கின்றோம். வறியவர் நேரங்கழித்து வந்தால், “பொறுப்பில்லாதவன்” என்கின்றோம். செல்வர் பழைய வேட்டி உடுத்தால் அஃது எளிமை. வறியவர் உடுத்தால் அது தரித்திரம். செல்வர் பேசாதிருந்தால் அடக்கம். வறியவர் பேசாதிருந்தால் அறியாமை. செல்வர் கடன்பட்டால் தொழிற்றுணிவு. வறியவர் கடன்பட்டால் ஊதாரித்தனம். செயல் ஒன்று, குலம் ஒன்று, குருதியும் ஒன்று, பெயரோ இரண்டு! இப்பெயர்களை இட்டது எது? பிறப்பன்று, பணப்பையே. நம் குலத்துக்குள்ளேயே இந்நிலையாயின், பிற குலத்தாரைப்பற்றி நாம் கூறுவனவற்றுள் எத்துணை பகுதி அவர்தம் பிறப்பைப்பற்றியது, எத்துணை பகுதி அவர்தம் வறுமையைப்பற்றியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டாவா?

நாம் கூடியிருக்கும் இம்மலையே அதற்குத் தக்க பாடநூலாகும்.

சேர்வராயன் மலைத்தொடரில் வாழும் தொல்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். கேரள நாட்டு மலையாளிகள் வேறு, இவர்கள் வேறு. மலையை ஆள்வோர், மலையில் வாழ்வோர் என்னும் பொருளில் இப்பெயர் பெற்ற இவர்கள் பேசுவது நம் தமிழே. இவர்கள் வழங்கும் மரபுரை யாது? முன்னொரு காலத்தில் இவர்தம் முன்னோராகிய உடன்பிறந்தார் மூவர் காஞ்சிபுரத்தினின்று நீங்கி வந்து, வெவ்வேறு மலைகளிற் குடியேறினர் என்பதாம். எட்கர் தர்ஸ்டன் என்பார் 1909ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னாட்டுக் குலங்கள் பற்றிய நூலிலும் இம்மரபுரை பதிவாகியுள்ளது. இது வரலாறோ கதையோ, அதனை ஆராய்ச்சியாளர்க்கு விடுவோம். மக்கள் தம்மைப்பற்றி என்ன எண்ணுகின்றனர் என்பதை அறிய இஃது உதவும். “நாங்களும் உங்களைப்போற் கீழ்நாட்டு உழவர்களே, மலைமேல் வந்தவர்கள்” என்பதே அவர்கள் கூற்று. நாமோ அவர்களைக் கண்டவுடன், ‘காட்டு மனிதர்’ என்கின்றோம். கீழிருந்து மேலேறி வந்தவர், நம் கண்ணுக்கு மட்டும் எவ்வாறு கீழானவர் ஆயினர்?

விடை நிலத்தில் இருக்கின்றது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்துத் தம் உணவைத் தாமே ஆக்கிக்கொண்ட குடிகள் இவர்கள். 1820ஐ அடுத்த ஆண்டுகளிற் சேலம் மாவட்ட ஆட்சித்தலைவராக இருந்த எம். டி. காக்பர்ன் என்பார் இம்மலையிற் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். பின்னர்க் காப்பித் தோட்டங்கள் பெருகின. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தால் காடுகள் அரசின் காப்புக் காடுகளாக வரையறுக்கப்பட்டன. காடு திருத்திப் பயிரிடும் பழைய முறை குறுகிற்று. ஒருபுறம் தோட்டம், மறுபுறம் காப்புக் காடு, இடையிற் சிறு நிலம். அந்நிலம் குடும்பத்துக்குப் போதாத ஆண்டில், உரியவனே கூலிக்குச் சென்றான். தன் நிலத்தில் நின்றபோது அவன் குடியானவன். பிறர் நிலத்தில் நின்றபோது கூலியாள். ஆள் மாறவில்லை, அறிவு மாறவில்லை, நிற்கும் நிலம் மாறிற்று, மதிப்பும் மாறிற்று. நாட்டின் காடுவாழ் மக்களுக்கு இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்பதை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் முகவுரையே ஒப்புக்கொண்டது என்பதையும் ஈண்டு நினைவிற் கொள்ளுங்கள்.

‘கூலி’ என்னும் சொல்லின் பயணமும் அறியத்தக்கது. உழைப்புக்குத் தரும் ஊதியம் என்பதே தமிழில் அதன் பொருள். ஐரோப்பியர் வாயில் அஃது உழைப்பவனையே குறிக்கும் பெயராயிற்று. குசராத்து நாட்டுக் கோலி என்னும் மக்கட்பெயரே அதற்கு மூலம் என்பாரும் உளர். தமிழ்ச்சொல்லே மூலம் என்பாரும் உளர். எவ்வாறாயினும், தென்னாப்பிரிக்காவில் இந்தியர் அனைவர்க்கும் அஃது இழிபெயராக வழங்கிற்று. 1893ஆம் ஆண்டில் அங்குச் சென்ற காந்தியடிகள், பாரிஸ்டர் பட்டம் பெற்றவராயினும், ‘கூலி பாரிஸ்டர்’ என்றே அழைக்கப்பட்டார். இதனை அவரே தம் சரிதையிற் கூறியுள்ளார். ஊதியத்தின் பெயர் உழைப்பாளிக்கு ஆகி, உழைப்பாளியின் பெயர் ஒரு நாட்டு மக்களுக்கே ஆகிவிட்டது!

இலங்கையில் நிகழ்ந்ததோ இன்னும் வியப்புடையது. அங்கே கண்டி மலைநாட்டிற் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, சிங்கள உழவர்கள் தம் வயலை விட்டுத் தோட்டத்தில் நிலையாக வேலைசெய்ய விரும்பவில்லை. உடனே, “சிங்களர் சோம்பேறிகள்” என்று தோட்டக்காரர் எழுதினர். தம் வயலில் விடியுமுன் ஏர்பூட்டிய மக்கள் சோம்பேறிகளாம்! பிறகு மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய பகுதிகளினின்று வறுமையாலும் பஞ்சத்தாலும் துரத்தப்பட்ட தமிழர் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். இவர்கள் உழைத்தனர். இவர்களுக்கேனும் நற்பெயர் கிடைத்ததா? இல்லை. ‘தோட்டக்காட்டான்’ என்னும் இழிபெயர் கிடைத்தது. அதனை வழங்கியோருள் அந்நாட்டுத் தமிழரும் இருந்தனர் என்பதை நாம் நாணத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். உழைக்க மறுத்தவனுக்குச் சோம்பேறி என்று பெயர். உழைத்தவனுக்கும் இழிந்தவன் என்று பெயர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அத்தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். இழிபெயர் காற்றோடு போவதன்று; சட்டத்திலும் ஏறும் என்பதை இது காட்டும்.

மலேயா நாட்டிலும் இதே செய்திதான். தம் வயலிலும் கடலிலும் தொழில்செய்த மலாய் மக்கள், பிறர் தோட்டத்துக்கு வாராமையாற் சோம்பேறிகள் எனப்பட்டனர். சையத் உசேன் அலதாசு என்னும் அறிஞர் 1977ஆம் ஆண்டில் இதுபற்றி ஒரு நூலே எழுதி, மலாயர், சாவகத்தார், பிலிப்பைன் மக்கள் ஆகியோர்மேற் சுமத்தப்பட்ட சோம்பற்பழி முதலாளிகளின் தேவையிற் பிறந்த கட்டுக்கதை என்பதை விளக்கினார்.

நம் நாட்டுக் குறவர் கதையைக் கேளுங்கள். பொதிமாடுகள்மேல் உப்பும் தானியமும் ஏற்றி, கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே வாணிகம் நடத்தியவர் இவருட் பலர். ஆங்கிலக் கும்பினியாரின் உப்பு ஏகபோகமும், அதன்பின் வந்த இருப்புப்பாதையும் அவ்வாணிகத்தை அழித்தன. தொழிலிழந்து ஊர்ஊராக அலைந்தவரைக் கண்டு, பிறவித் திருடர் என்றனர். 1871ஆம் ஆண்டிற் பிறந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911ஆம் ஆண்டிற் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தாய்வயிற்றினின்று வீழ்ந்த குழந்தையும் குற்றவாளி மரபினது எனப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டிலும், நாடு முழுவதற்கும் 1952ஆம் ஆண்டிலும் அச்சட்டம் நீங்கிற்று. ஏட்டினின்று நீங்கிற்று, நம் வாயினின்று நீங்கிற்றா? ஊரிற் களவு நிகழ்ந்தால் முதலில் யார் குடிசைக்கு ஆள் போகின்றது என்பதை நீங்களே அறிவீர்கள்.

இவ்வெண்ணங்களால் என்ன கேடு என்று ஒருவர் வினவலாம். “மனத்தில் ஏதோ நினைத்துக்கொள்கின்றோம், அதனால் யார்க்கு என்ன குறை?” என்பர். அவர்க்கு யான் ஓர் ஊரின் பெயரைச் சொல்வேன். தருமபுரி மாவட்டத்தில் அரூரை அடுத்து, சித்தேரி மலையின் அடிவாரத்தில் வாச்சாத்தி என்னும் ஊர் இருக்கின்றது. அங்கு வாழ்வோரும் பெரும்பாலும் இம்மலை மக்களின் இனத்தவரே. 1992ஆம் ஆண்டு ஜூன் மாதம் 20ஆம் நாள், சந்தனக்கட்டை கடத்தல்பற்றித் தேடுவதாகக் கூறி, வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் அவ்வூரிற் புகுந்தனர். வீடுகள் அழிக்கப்பட்டன. ஊரார் அடிபட்டனர். பெண்கள் 18 பேர் கற்பழிக்கப்பட்டனர். அவ்வூரார் முறையிட்டபோது உலகம் என்ன கூறிற்று? “அவர்கள் கடத்தல்காரர், அவர்கள் சொல்லை நம்பலாமா?” என்றே பலர் கூறினர். ஏழை சொல் அம்பலம் ஏற 19 ஆண்டுகள் சென்றன. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள், தருமபுரி நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேருள் இறந்துபோன 54 பேர் நீங்கலாக எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டிற் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. ‘இவ்வூரார் இத்தகையோர்’ என்னும் ஒரு வரி எண்ணமே அந்நாளில் அவ்வூருக்கு வேலியின்றிச் செய்தது. ஆதலின், மனத்தெண்ணந்தானே என்று கூறாதீர்கள்.

இனி, நடுநிலையோடு ஒரு தடையை ஆராய்வோம். “வறியவருள் குடிப்பவர் இலரா? சோம்பியிருப்பவர் இலரா? யாங்கள் கண்ணாற் கண்டதன்றோ கூறுகின்றோம்?” என்பீர்கள். உளர், மறுப்பாரில்லை. ஆயினும், செல்வருள்ளும் அன்னோர் உளர். வேறுபாடு யாது? செல்வர் வீட்டுக்கு மதில் உண்டு, கதவு உண்டு, உள்ளறை உண்டு. அவர் குடித்தால் ஊர் அறியாது. வறியவர்க்குத் தெருவே திண்ணை, தெருவே அடுக்களை. அவர் வீட்டுச் சண்டை ஊருக்குக் கேட்கும். குற்றம் இருவரிடத்தும் உண்டு. மறைவிடம் ஒருவர்க்கே உண்டு. மேலும், செல்வர் ஒருவர் தவறினால் அவர் பெயரைச் சொல்லி இகழ்கின்றோம். வறியவர் ஒருவர் தவறினால் அவர் இனத்தின் பெயரைச் சொல்லி இகழ்கின்றோம். தனிமனிதன் பிழையை இனத்தின் இயல்பாக ஏற்றிக் கூறுவதே நான் கண்டிக்கும் தவறு.

இத்தவறு மேனோக்கியும் பாயும் என்பதைச் சொல்லாவிடில் யான் நடுநிலை தவறியவனாவேன். “பணக்காரன் எவனும் நேர்வழியிற் சேர்த்திரான், தோட்ட முதலாளி எவனும் கன்னெஞ்சன்” என்று வறியவர் கூறுவதும் ஆராயாத் தீர்ப்பே. எனினும் இரண்டும் ஒரு நிறையின அல்ல. வறியவனின் தப்பெண்ணத்தாற் செல்வன் ஒரு வசைச்சொல் கேட்பான். செல்வனின் தப்பெண்ணத்தால் வறியவன் வேலையிழப்பான், கல்வியிழப்பான், சிலபோது உயிரையும் இழப்பான்.

வறுமை அறிவின்மையால் வருவது என்போர்க்கு இக்கால ஆராய்ச்சி ஒன்றையும் காட்டுவேன். விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளிற் கரும்பு பயிரிடும் உழவர் 464 பேரை அறிஞர் சிலர் ஆராய்ந்து, 2013ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அறுவடைக்கு முன் கையிற் காசில்லாத காலத்தில் ஒரு முறையும், அறுவடைக்குப் பின் பணம் வந்த காலத்தில் ஒரு முறையும் அதே உழவர்க்கு அறிவுத்தேர்வு வைத்தனர். பணம் வந்தபின் அவர்கள் மிகுதியாக மதிப்பெண் பெற்றனர். அதே மனிதர், அதே மூளை, இடையில் வந்தது கரும்புப் பணம் ஒன்றே. கவலை அறிவைப் பங்குபோட்டுக் கொள்கின்றது. அறிவின்மையால் வறுமை வந்தது என்று நாம் எண்ணினோம். வறுமையே அறிவின் ஒளியை மறைக்கும் திரையாகவும் இருக்கின்றது என்பது இதனாற் பெறப்படும்.

பிறர் குறையையே கூறிக்கொண்டிருத்தல் ஆசிரியனுக்கு அழகன்று. என் குறையையும் கூறிவிடுகின்றேன். ஆண்டுகள் பல முன்பு, இம்மலையைச் சார்ந்த பள்ளியொன்றில் யான் பணிசெய்தேன். என் வகுப்பில் மலைச்சிற்றூர்ச் சிறுவன் ஒருவன் இருந்தான். மார்கழி, தை மாதங்களில் அவன் பல நாள் வாரான். அவன் தேர்ச்சி அட்டையில், ‘கல்வியில் நாட்டமில்லை, சோம்பல் மிகுதி’ என்று எழுதினேன். ஆண்டிறுதியிற் பதிவேட்டைக் கூட்டிச் சரிபார்க்கும்போது மற்றொரு மாணவன் பெயர் கண்ணிற் பட்டது. அவன் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை. அவனும் ஏறத்தாழ அத்தனை நாளே வரவில்லை. அவன் அட்டையில் யான் எழுதியிருந்தது யாது? ‘குடும்ப நிகழ்ச்சிகளால் வருகை குறைந்தது, நல்ல மாணவன்.’ இரண்டும் என் கையெழுத்து, ஒரே மை, ஒரே நாள். அவ்விரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்து நெடுநேரம் இருந்தேன்.

மறுநாள் அச்சிறுவன் ஊருக்கு நடந்து சென்றேன். மார்கழியும் தையும் காப்பிப்பழம் பறிக்கும் காலம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். பறித்த பழத்தின் எடைக்கேற்பக் கூலி. தாய் நோயுற்றிருந்தமையால் அவன் கை கூடவில்லையெனில் அவ்வீட்டில் உலை கூடாது. சோம்பல் என்று யான் எழுதிய நாள்களில், என்னினும் முன்னெழுந்து, என்னினும் மிகுதியாக உழைத்தவன் அவன்!

திரும்பும்போது அவன் எனக்கு வழிகாட்டி வந்தான். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் வருகின்றன அன்றோ? அவற்றை மூச்சுவிடாது ஒப்பிக்க வல்லவன் யான். அதற்காகப் பரிசும் பெற்றவன். வழியிற் செங்காந்தள் படர்ந்திருந்தது. அஃது இன்னதென்று எனக்குத் தெரியவில்லை. அவன் சொன்னான். வேங்கை மரத்தைக் காட்டினான். புதர் புதராக நின்ற குறிஞ்சியைக் காட்டி, அது பல ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் என்றான். பெயரை அறிந்த புலவனுக்குப் பூ தெரியவில்லை. பூவை அறிந்த சிறுவனைப் புலவன் அறிவிலி என்று எழுதிவிட்டான். அன்று முதல் எந்த மாணவன் அட்டையிலும், அவன் வீட்டை அறியாமுன் குணத்தீர்ப்பு எழுதுவதில்லை என்று உறுதி பூண்டேன்.

பெரியோர்களே! பேச்சோடு நில்லாது செயலுக்கு வருவோம். நம் சங்கத்தார்முன் நான்கு விண்ணப்பங்களை வைக்கின்றேன்.

முதலாவது, நம் பந்தியைப்பற்றியது. சங்க விழாக்களில் நன்கொடை மிகுதியாக அளித்தோர்க்கு முதற்பந்தி, ஏனையோர்க்குக் கடைப்பந்தி என்னும் வழக்கம் ஒழிக. முதியோர்க்கும் குழந்தைகட்கும் முதற்பந்தி ஆகுக. ‘பணம் பந்தியிலே, குணம் குப்பையிலே’ என்னும் பழமொழி நம் வாயிலில் எழுதப்பட வேண்டா.

இரண்டாவது, நம் கல்வி நிதியைப்பற்றியது. உதவித்தொகை பெறும் ஏழை மாணவரை மேடையில் நிறுத்திப் படமெடுத்து, ‘எளிய குடும்பத்துச் சிறுவன்’ என அச்சிடுகின்றோம். அளிப்பவர்க்கு அது புகழ்; பெறுபவனுக்கு அஃது ஆண்டு முழுவதும் ஆறாப் புண். வட இந்தியச் சிற்றூர்ப் பள்ளிகளிற் செய்த ஓராய்வில், புதிர் தீர்க்கும் போட்டிக்குமுன் சிறுவரின் சாதியைப் பலரறியக் கூறியபோது, தாழ்ந்தவராகக் கருதப்பட்ட சிறுவர் தீர்த்த புதிர்கள் குறைந்தன. கூறாதபோது அவர்கள் ஏனையோர்க்கு ஈடாகவே தீர்த்தனர். முத்திரை குத்தினால் மூளையும் தளரும் என்பது இதனால் விளங்கும். ஆதலின் தொகை மறைவாக வீடு சேர்க. கொடுத்தவர் பெயர் ஏட்டில் வருக. பெற்றவன் பெயர் வர வேண்டா.

மூன்றாவது, நம் நாவைப்பற்றியது. பிற குலத்தார் எவரையும் இனப்பெயர் கூறி வசைபாடும் வழக்கம் நம் வீட்டுத் திண்ணையினின்று நீங்குக. நம் பாட்டன்மாரும் ஒரு காலத்தில் வறியராய் இருந்தவரே. அந்நாளில் நம்மைப்பற்றி ஊரார் என்ன கூறினர் என்பதை முதியோர்களைக் கேளுங்கள். நமக்குச் சிறிது நிலமும் கல்வியும் அரசுப் பணியும் வந்தபின் அச்சொற்கள் மறைந்தன. நாம் மாறியதாலா மறைந்தன? நம் நிலை மாறியதால் மறைந்தன. நம்மை விட்டு நீங்கிய அதே சொற்களை எடுத்துப் பிறர்மேல் எறிதல் நன்றியில்லாச் செயலாகும்.

நான்காவது, இம்மலையைப்பற்றியது. இம்மக்கள் வாக்களிக்கும் தொகுதி பழங்குடியினர்க்கென ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அத்தகைய சட்டமன்றத் தொகுதிகள் இரண்டே. ஒன்று சேந்தமங்கலம், மற்றொன்று இந்த ஏற்காடு. சட்டம் அவர்களுக்கு அவையில் இருக்கை அளித்திருக்கின்றது. நாம் தெருவில் ஒரு மரியாதைச் சொல்லேனும் அளிக்க வேண்டாவா? நம் தாயின் அகவையுடைய ஒருவரை, ‘ஏ’ என்றும் ‘நீ’ என்றும் அழைக்கும் உரிமையை நமக்கு அளித்தது எது? நம் கையிலுள்ள பணம் அன்றி வேறில்லை. ‘அம்மா’ என்றும் ‘ஐயா’ என்றும் அழைப்போம். விலை பேச வேண்டின், கடையிற் பேசுமளவே அவரிடமும் பேசுவோம்.

இச்சொற்பொழிவைத் தொடங்கிய இடத்திலேயே முடிக்கின்றேன். இன்று காலை நானும் அந்நண்பரும் மீண்டும் ஏரிக்கரைக்குச் சென்றோம். அம்மூதாட்டியார் அதே சாக்கின்மேல் அமர்ந்திருந்தார். நண்பர் நேற்றுக் குறைத்த பணத்தை அவர் கையில் வைத்து, “அம்மா! மிளகு நன்றாக இருந்தது” என்றார். அவர் சற்று நேரம் நண்பர் முகத்தையே நோக்கினார். பின்னர்ப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, “நல்லாத்தான் இருக்கும். எங்க வீட்டு மரத்துல ஏறின கொடி” என்றார். அவ்வளவே. நன்றி கூறவில்லை. கூற வேண்டுவதும் இல்லை; அது கொடையன்று, கடன்.

அன்பர்களே! மலையினின்று இறங்கும்போது ஒவ்வொருவரும் ஒரு குவளை நீரை மனத்திற் கொண்டு செல்லுங்கள். பிறரைப்பற்றிய எண்ணம் எழுந்தவுடன் அதனை அந்நீரில் இடுங்கள். நம்மவர் மிளகையும் இடுங்கள். செல்வர் பெட்டி மிளகையும் இடுங்கள். எது ஆழ்கின்றது, எது மிதக்கின்றது என்று கண்டபின் பேசுங்கள்.